பைலட் ஆகணுமா? பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

போன வாரம் ஒரு சின்ன விமானத்துக்குப் பக்கத்துல நான் நிக்கிற போட்டோ போட்டிருந்தேன். பிபிஎல், அதாவது பிரைவேட் பைலட் லைசென்ஸ் கைக்கு வந்த சந்தோஷம். சர்க்கரை, பிபி, டெங்குன்னு நான் எழுதும்போது வராத கூட்டம் அந்த ஒரு போட்டோவுக்கு வந்துடுச்சு!

இன்பாக்ஸ் முழுக்க இரண்டே கேள்விதான். "டாக்டர், எவ்வளவு செலவாச்சு?" "என் பையனுக்கு பைலட் ஆகணும்னு ஆசை, எங்க சேர்க்கலாம்?" பொண்ணுக்காகக் கேட்டவங்களும் நிறைய பேர். அதைப் பார்க்கவே சந்தோஷமா இருந்தது.

தனித்தனியா பதில் சொல்ல முடியல. மொத்தமா இங்கே எழுதுறேன். கொஞ்சம் நீளம்தான். டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

முதல்ல அடிப்படை விவரம்.

இந்தியாவில் விமானி உரிமம் கொடுப்பது டிஜிசிஏ எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம். 16 வயது முடிந்து, பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் மாணவர் உரிமம் வாங்கிப் பயிற்சி ஆரம்பிக்கலாம். 17 வயதில் பிபிஎல் வாங்கலாம். அதற்குக் குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 20 மணி நேரமாவது தனியாக, பக்கத்து சீட்டில் யாரும் இல்லாமல். 150 நாட்டிகல் மைலுக்குக் குறையாமல், அதாவது சுமார் 278 கிலோமீட்டர், வழியில் இரண்டு வேறு இடங்களில் இறங்கி ஏறும் ஒரு நெடும்பயணமும் அதற்குள் உண்டு. விதிமுறைகள், வழிகாணல், வானிலை, இன்ஜின் எல்லாவற்றிலும் எழுத்துத் தேர்வு.

பிபிஎல் வைத்து ஒரு ரூபாய் சம்பாதிக்க முடியாது. சொந்தக் கார் ஓட்டுற லைசென்ஸ் மாதிரி அது. சம்பளத்துக்கு ஓட்டணும்னா சிபிஎல் என்கிற கமர்ஷியல் லைசென்ஸ் வேண்டும். அதற்கு 200 மணி நேரம்.

செலவு? ஒரு மணி நேரம் பறக்க பத்தாயிரத்துக்கு மேல் ஆகிறது. பெருக்கிப் பார்த்துக்கோங்க. அதுவும் சரியா 40 மணியில் முடிப்பவர்கள் குறைவு. எனக்கு 52 மணி ஆச்சு. சிபிஎல் என்றால் அரைக் கோடி ரூபாயைச் சுற்றி வரும். விமானம் ரிப்பேர், மழை, மேகம், பயிற்றுநர் லீவுன்னு காத்திருக்கிற நாட்கள் தனிக்கணக்கு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய் வந்த எனக்கு இரண்டரை வருஷம் பிடிச்சது.

இதெல்லாம் கூகுளில் தேடினாலே கிடைக்கும். ஒரு டாக்டரா நான் சொல்ல வந்தது வேற.

பயிற்சியில் நான் பாதி தூரம் வந்திருந்த சமயம். கிளினிக் முடியுற நேரம். எட்டு வருஷமா என்கிட்ட வர்ற குடும்பம். அப்பாவுக்கு சர்க்கரை, அம்மாவுக்கு தைராய்டு. அன்னைக்கு அம்மாவும் பையனும் மட்டும் வந்தாங்க. பையனுக்கு அப்போ 18. பெயர் வேண்டாம், தம்பின்னே வச்சுக்குவோம்.

"சார், தம்பியை பைலட் படிப்புல சேர்த்திருக்கோம். மூணு லட்சம் அட்வான்ஸ் கட்டியாச்சு. மீதிக்கு ஊர்ல இருக்கற இடத்தை வச்சு லோன் பேசியிருக்கோம். அடுத்த வாரம் மெடிக்கல்."

"சந்தோஷம்மா" என்றேன்.

அம்மா ஒரு தடவை கதவைப் பார்த்தாங்க. குரல் இறங்கிடுச்சு. "அந்த ஃபாரத்துல வலிப்பு வந்திருக்கான்னு ஒரு கேள்வி இருக்காம் சார். நாங்க இல்லைன்னு போடப்போறோம். யாராச்சும் உங்ககிட்ட கேட்டா நீங்களும் ஒண்ணும் சொல்லாதீங்க. பழைய ஃபைலை நாங்களே எடுத்துட்டுப் போயிடுறோம்."

தம்பிக்கு 13 வயசுல இரண்டு தடவை வலிப்பு வந்தது. ஒண்ணு பள்ளிக்கூடத்துல, இன்னொண்ணு தூக்கத்துல. நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பியதே நான்தான். மூணு வருஷம் வால்ப்ரோயேட் மாத்திரை சாப்பிட்டான். நிறுத்தி இரண்டு வருஷம் ஆச்சு. மறுபடி ஒண்ணும் வரல.

"அஞ்சு வருஷமா ஒண்ணுமே இல்ல சார். குணமான மாதிரிதானே?"

வேலைக்குப் போகலாமா, கல்யாணம் பண்ணலாமான்னு கேட்டிருந்தா "தாராளமா" என்று சொல்லி அனுப்பியிருப்பேன். சின்ன வயசுல வர்ற வலிப்பு நிறைய பேருக்கு வளர வளர விட்டுப் போயிடும். ஆனா இது காக்பிட். ஐசிஏஓ என்கிற சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் மருத்துவ விதி, வலிப்பு நோய் இருந்ததாக உறுதியான வரலாறே இருக்கக் கூடாது என்கிறது. விமானிக்கும் அதே விதி, கன்ட்ரோல் டவரில் உட்காருபவருக்கும் அதே விதி. 'வர வாய்ப்பு குறைவு' என்பதும் 'வராது' என்பதும் ஒன்றில்லை. காரை ஓரம் கட்டுற மாதிரி ஆகாயத்துல ஓரம் கட்ட முடியாது.

"ஃபைல் நகல் உங்களுக்கு வேணும்னா எடுத்துக்கோங்கம்மா. ஆனா என் பதிவை அழிக்க மாட்டேன். தம்பி சம்மதத்தோட யாராவது முறையா கேட்டா இருக்கறதைத்தான் சொல்வேன்" என்றேன்.

அம்மா அழுதாங்க. தம்பி தன்னோட ஷூவையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தான். கிளம்பும்போது கதவுகிட்ட நின்னு, "கேட்டா ஆமான்னே சொல்லிடுறேன் சார்" என்றான்.

சொல்லிட்டான். தகுதியில்லைன்னு எழுதிட்டாங்க. கட்டின மூணு லட்சத்துல பாதிதான் திரும்ப வந்தது.

அந்தக் குடும்பத்து மேல எனக்குக் கோபம் இல்லைங்க. பொய் சொல்லியே பழகின குடும்பம் இல்லை அது. அன்னைக்கு உண்மையோட விலை அவங்களுக்கு மூணு லட்ச ரூபாயும் ஒரு பையனோட கனவும். அட்வான்ஸ் கட்டுறதுக்கு முந்தின நாள் அதே உண்மையோட விலை என் கன்சல்டிங் ஃபீஸ், அவ்வளவுதான். கனவு உடையும்தான். ஆனா இடத்தை அடமானம் வைக்கப் பேச்சு நடக்குறப்போ உடையாது.

எனக்குக் கோபம் பணம் வாங்கினவங்க மேலதான். மூணு லட்சத்துக்கு ரசீது போட்டுக் கொடுத்த இடத்துல, "மெடிக்கல் முடிச்சாச்சா?" என்று ஒருத்தர் கூடக் கேட்கல.

ஆகவே சொந்தங்களே, முதல் விஷயம். மெடிக்கல் முடியாம ஒரு ரூபாய் கட்டாதீங்க.

பிபிஎல்லுக்கு கிளாஸ் 2 மருத்துவத் தகுதி போதும். சிபிஎல்லுக்கு கிளாஸ் 1 வேண்டும். பரிசோதிக்க அங்கீகாரம் பெற்ற மருத்துவர்களின் பட்டியல் டிஜிசிஏ இணையதளத்திலேயே இருக்கிறது. கண், காது, இசிஜி, ரத்தம், சிறுநீர், எக்ஸ்ரே எல்லாம் பார்ப்பாங்க. வேலைக்குப் போகணும்கிற எண்ணம் இருந்தா கிளாஸ் 2 வாங்கினதோட நிக்காம கிளாஸ் 1 ஐயும் முடிச்சுட்டு அப்புறமா பள்ளிக்கூடம் தேடுங்க.

அதுக்கும் முன்னாடி, உங்க ஊர் கண் டாக்டர்கிட்ட பத்து நிமிஷம் செலவு பண்ணுங்க. கண்ணாடி போட்டா பைலட் ஆக முடியாதுன்னு இன்னும் நிறைய பேர் நம்புறாங்க. தப்பு. கண்ணாடி போட்டு, வரையறுத்த அளவுக்குப் பார்வை வந்தா போதும். பிரச்சினை நிறக்குருட்டில்தான். ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா 1917ல் வெளியிட்ட புள்ளிப் படங்களைத்தான் உலகம் முழுக்க இன்னமும் முதல்ல காட்டுறாங்க. வண்ணப் புள்ளிகளுக்கு நடுவுல எண் தெரியணும். பத்தொன்பது வயசு வரைக்கும் தனக்கு சிவப்பும் பச்சையும் சரியாப் பிரியலைன்னே தெரியாம இருந்தவங்களை நான் பார்த்திருக்கேன். இது பெரும்பாலும் அம்மா வழியா பையனுக்கு வர்ற விஷயம். தாய்மாமனுக்கு இருந்தா மருமகனுக்கும் ஒரு தடவை பார்த்துடுங்க.

'நிறம் தெரியாட்டி என்ன, நல்லா ஓட்டினா போதாதா?' என்று ஒருத்தர் கேட்டார். ராத்திரியில் எதிரில் வர்ற விமானம் எந்தப் பக்கம் போகுதுன்னு தெரியறது, அதோட இடது இறக்கையில் சிவப்பும் வலது இறக்கையில் பச்சையும் எரியறதாலதான். ஓடுபாதை ஓரம் நாலு விளக்கு இருக்கும். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு தெரிஞ்சா சரியான உயரத்துல வர்றீங்க. நாலும் சிவப்புன்னா ரொம்பத் தாழ வந்துட்டீங்க. ரேடியோ செத்துப்போச்சுன்னா கன்ட்ரோல் டவரிலிருந்து விளக்கடிப்பாங்க. நிலையான பச்சைன்னா இறங்கலாம், நிலையான சிவப்புன்னா வேறொருத்தருக்கு வழிவிட்டுச் சுத்திக்கிட்டே இருக்கணும்.

ஊருக்கு உபதேசம் பண்ற இந்த டாக்டர் தன்னோட மெடிக்கல்ல என்ன பண்ணினார்னு கேட்கணும் இல்லையா? சொல்றேன்.

எனக்கு அப்போ 41 வயசு. மெடிக்கலுக்கு மூணு நாள் முன்னாடி கிளினிக்ல என் பிபியை நானே பார்த்தேன். 150க்கு 96. மறுநாளும் அதேதான். தினமும் நாற்பது பேருக்கு பிபி பார்த்து, உப்பைக் குறைங்க, மாத்திரையை விடாதீங்கன்னு சொல்ற ஆள் இரண்டு வருஷமா தன் கையில பட்டையைக் கட்டிப் பார்க்கவே இல்லை.

எந்த மாத்திரை போட்டா எத்தனை மணி நேரத்துல பிபி இறங்கும், எப்போ போட்டா பரிசோதனை நேரத்துல சரியா இருக்கும்னு எனக்குத் தெரியும். என் மேஜை டிராயரிலேயே சாம்பிள் அட்டை இருந்தது. கையில எடுத்துட்டேன். யாருக்கும் தெரியப்போறதில்லை. இதுல எனக்கு வேலை போற பயம் கிடையாது, கடன் கிடையாது. 'டாக்டருக்கே பிபியாம்' என்று யாராவது சொல்லிடுவாங்களோங்கற வெட்கம் மட்டும்தான். வெறும் வெட்கத்துக்கே நான் அந்த அட்டையைத் தொட்டேன்னா, இடத்தை அடமானம் வைக்கிறவங்க நிலைமையை யோசிச்சுப் பாருங்க.

போடல. பெரிய உத்தமன் என்பதால் இல்லைங்க. மாத்திரைக்குத் தண்ணி எடுக்கப் போனப்போ என் மனைவி, "என்ன மாத்திரை?" என்று கேட்டாங்க. அவங்களும் டாக்டர். பதில் சொல்ல வாய் வரல.

பரிசோதகரிடம் உள்ளதைச் சொன்னேன். தற்காலிகத் தகுதியின்மை என்று எழுதினார். எக்கோ, டிரெட்மில், சிறுநீரகச் சோதனை எல்லாம் பண்ணி, விமானிகளுக்கு அனுமதிச்ச மாத்திரையை ஆரம்பிச்சு, பிபி கட்டுக்குள் வந்த பிறகு மறுபடி போனேன். மூணு மாசம் தாமதம். தகுதி கிடைச்சது. பிபி இருந்தாலே பறக்க முடியாதுன்னு பயந்து மறைக்கிறவங்க இதைக் குறிச்சு வச்சுக்கோங்க.

இந்த விதியெல்லாம் ஆபீஸ்காரங்க சும்மா போட்ட விதியா?

முதல் தனிப்பயணம் அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சது. என் பயிற்றுநருக்கு வயசு 27. நான் அவரை சார்னு கூப்பிடுவேன், அவர் என்னை டாக்டர்னு கூப்பிடுவார். மூணு தடவை இறக்கி ஏத்தினதும் விமானத்தை நிறுத்தச் சொல்லி, பெல்ட்டைக் கழற்றி, "ஒரு ரவுண்ட் போய்ட்டு வாங்க டாக்டர்" என்று இறங்கிப் போயிட்டார். அவர் எடை இல்லாததால செஸ்னா பழக்கத்தைவிட வெடுக்குனு மேலே ஏறுச்சு. வலது பக்கம் திரும்பிப் பார்த்தேன், காலி சீட். அந்த நிமிஷம் என் இதயம், என் மூளை, என் கண் இதுக்கெல்லாம் மாத்து ஆளே கிடையாது. இறங்கினதும் வழக்கப்படி ஒரு வாளித் தண்ணியைத் தலையில ஊத்தினாங்க. தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடியே சட்டை நனைஞ்சுதான் இருந்தது.

ஆரோக்கியமான உடம்பே ஆகாயத்துல பொய் சொல்லும்ங்க.

சின்ன வயசுல தட்டாமாலை சுத்தியிருப்பீங்க. சுத்தி நின்னதும் உலகம் எதிர்ப்பக்கமா சுத்தும் இல்லையா? உள்காதில் மூணு அரைவட்டக் குழாய்கள், அதுக்குள்ள திரவம். தலை திரும்பினா திரவம் பின்தங்கும். அதை வச்சுத்தான் 'திரும்புறோம்' என்று மூளைக்குத் தெரியும். ஒரே வேகத்துல பத்து இருபது வினாடி திரும்பிக்கிட்டே இருந்தா திரவமும் கூடவே ஓட ஆரம்பிச்சுடும். அப்புறம் திரும்புற உணர்வே இருக்காது. நின்னா எதிர்ப்பக்கம் சுத்துற மாதிரி தோணும். தரையில கண் பார்த்துத் திருத்திடும். மேகத்துக்குள்ள கண்ணுக்கு வெள்ளையைத் தவிர ஒண்ணும் தெரியாது.

ஒரு நாள் பயிற்றுநர் என் கண்ணை மூடச் சொல்லிட்டு அவர் ஓட்டினார். "இப்போ எப்படிப் போறோம் டாக்டர்?" "நேரா சார்." "கண்ணைத் திறங்க." இடது இறக்கை பூமியைப் பார்த்துச் சாய்ஞ்சிருக்கு, உயரம் குறைஞ்சுக்கிட்டே இருக்கு. உள்காதைப் பத்தி எம்பிபிஎஸ்ல நல்ல மார்க் வாங்கினவன் நான்!

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1954ல் இதைச் சோதிச்சாங்க. கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுற பயிற்சி இல்லாத 20 பேர். வெளியே தெரியாதபடி மறைச்சுட்டு ஓட்டச் சொன்னாங்க. இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தாங்க. சராசரியா 178 வினாடியில். மூணு நிமிஷம் கூட இல்லை. 1999ல் ஜான் எஃப் கென்னடியின் மகன் ஓட்டிய சிறுவிமானம் ராத்திரியில், புகைமூட்டமான வானிலையில், கடலில் விழுந்து அவரும் மனைவியும் மனைவியின் சகோதரியும் இறந்தாங்க. விசாரணை சொன்ன காரணம் இந்தத் திசைமயக்கம்தான். அவர்கிட்ட இருந்தது என்கிட்ட இருக்கிற அதே வகை லைசென்ஸ்தான்.

அந்த இல்லினாய் சோதனைக்குப் பயன்படுத்திய விமானம் பீச்கிராஃப்ட் பொனான்சா. வேகமான, விலை உயர்ந்த, தனியார் விமானம். பின்னாடி வால் வி வடிவில் இருக்கும். அதுக்கு அமெரிக்காவில் ஒரு பட்டப்பெயர் உண்டு: 'கவட்டை வால் டாக்டர் கொல்லி'. வாங்கக் காசு இருக்கும், தொடர்ந்து பறந்து பழக நேரம் இருக்காது, 'நமக்குத் தெரியாததா' என்ற நினைப்பு மட்டும் நிறைய இருக்கும். அப்படிப்பட்ட என் தொழில்காரர்கள் நிறைய பேர் அதில் போய்ச் சேர்ந்ததால் வந்த பெயர். லைசென்ஸ் வந்த அன்னைக்கு இந்தப் பெயரை என் மனைவி ஒரு தாள்ல எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டிட்டாங்க. இன்னும் அங்கேதான் இருக்கு.

அடுத்து, எல்லார் வீட்டிலும் இருக்கிற ஒரு மாத்திரை.

சளி பிடிச்சா ஏவில், செட்ரிசின்னு கடையில கேட்டு வாங்கிப் போட்டுக்கறோம். அமெரிக்க விபத்து விசாரணை அமைப்பான என்டிஎஸ்பி, 1990 முதல் 2012 வரை விபத்தில் இறந்த விமானிகளின் ரத்தப் பரிசோதனை முடிவுகளை ஆராய்ந்தது. செயல்திறனைக் குறைக்கக்கூடிய மருந்துகளில் அதிகமாகக் கிடைத்தது கஞ்சாவோ போதைப்பொருளோ இல்லை. தூக்கம் வரவழைக்கும் சாதாரண அலர்ஜி மாத்திரை. ஏவிலும் அந்தக் குடும்பம்தான். சளியோட பறந்தா காது வேற அடைச்சுக்கும். இறங்கும்போது வெளியே காற்றழுத்தம் ஏறும். மூக்கையும் நடுக்காதையும் இணைக்கிற குழாய் வீங்கியிருந்தா காற்று உள்ளே போகாது, செவிப்பறை இழுபடும், உயிர் போற வலி. விமானம் இறங்கும்போது குழந்தைகள் வீல்னு அழறது இதனாலதான். அந்த நேரம் பால் கொடுங்க, முழுங்க முழுங்கத் திறந்துக்கும்.

இதெல்லாம் தினமும் யார் வந்து சோதிக்க முடியும்? மெடிக்கல் எப்பவோ ஒரு தடவை. மற்ற நாளெல்லாம் விமானி தன்னைத் தானே கேட்டுக்கணும். உடம்பு சரியா இருக்கா, மருந்து ஏதாவது போட்டியா, மனக்கஷ்டம் உண்டா, குடிச்சியா, தூங்கினியா, சாப்பிட்டியா. குடியைப் பொறுத்தவரை நம்ம நாட்டு விதி, பறக்கிறதுக்கு முன் 12 மணி நேரம் தொடக் கூடாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, முந்தின ராத்திரி ஆஸ்பத்திரியில் டியூட்டி பார்த்துட்டு நேரா பயிற்சிக்குப் போனேன். பெட்ரோலை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடிச்சு அடியில தண்ணி தங்குதான்னு பார்த்துக்கிட்டிருந்தேன். (சிறுநீர் சாம்பிள் பார்க்கிற பழக்கம், எனக்குப் பிடிச்ச வேலை இது.) பயிற்றுநர் வந்தார். "எத்தனை மணி நேரம் தூங்கினீங்க டாக்டர்?"

"மூணு."

"கேன்சல். வாங்க, டீ சாப்பிடலாம்."

அவ்வளவுதான். திட்டல. பணம் பிடிக்கல. ரெக்கார்டுல கறுப்புப் புள்ளி வைக்கல. அதனாலதான் 'மூணு'ன்னு என்னால சுலபமா சொல்ல முடிஞ்சது. அன்னைக்குக் காலையில், அதே மூணு மணி நேரத் தூக்கத்தோட, வார்டுல இருபத்திரண்டு நோயாளிகளைப் பார்த்து மருந்து எழுதிட்டுத்தான் கிளம்பியிருந்தேன். அங்கே ஒருத்தரும் என்னை அந்தக் கேள்வியைக் கேட்கல. இருபது வருஷத்துல ஒரு நாளும் கேட்டதில்லை.

உண்மை சொல்ல ஆகிற செலவு கூடினா என்ன நடக்கும்னு உலகமே பார்த்த ஒரு சம்பவம் உண்டு.

2015 மார்ச் 24. பார்சிலோனாவிலிருந்து டுசல்டார்ஃப் போன ஜெர்மன்விங்ஸ் விமானத்தை, துணை விமானி காக்பிட் கதவைப் பூட்டிக்கொண்டு ஆல்ப்ஸ் மலையில் மோதினார். 150 பேர் இறந்தார்கள். அவருக்குப் பயிற்சிக் காலத்திலேயே மனச்சோர்வு வந்து, சிகிச்சை எடுத்து, அது மருத்துவத் தகுதிச் சான்றில் குறிக்கப்பட்டும் இருந்தது. மறுபடி நோய் வந்தபோது பல மருத்துவர்களைப் பார்த்தார். மனநல மருத்துவமனையில் சிகிச்சை பெறச் சொன்னார்கள். ஓய்வெடுக்கச் சொல்லிச் சான்றும் கொடுத்தார்கள். அவர் அதை நிறுவனத்திடம் கொடுக்கவில்லை. மருத்துவர்களும் யாரிடமும் சொல்லவில்லை. ஜெர்மனியில் நோயாளியின் ரகசியம் காக்கும் சட்டம் மிகக் கடுமையானது.

பிரெஞ்சு விசாரணை அறிக்கையைப் படிச்சப்போ என்னை உலுக்கின இடம், அவர் எதை இழக்கப் பயந்திருப்பார் என்று அவங்க ஆராய்ந்த பகுதி. பயிற்சிக்கு வாங்கின கடன். உரிமம் போனா வருமானம் போகும், அதை ஈடுகட்டப் போதுமான காப்பீடு இல்லை. என் கிளினிக்ல அழுத அம்மா ஞாபகம் வந்தது. அவர் செஞ்சது மன்னிக்க முடியாத குற்றம், அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனா மறைக்கிற இடம் வரைக்கும் அவர் வந்த பாதை நமக்குத் தெரிஞ்ச பாதைதான்.

இங்கே ஒண்ணை அழுத்திச் சொல்லிடுறேன். மனச்சோர்வு இருக்கிறவங்க எல்லாம் ஆபத்தானவங்க கிடையாது. சிகிச்சை எடுக்கிறவரைவிட, உரிமம் போயிடும்னு பயந்து சிகிச்சையே எடுக்காம ஓட்டுறவர்தான் எனக்குக் கவலை. அமெரிக்கா 2010லேயே, குறிப்பிட்ட சில மனச்சோர்வு மருந்துகளைச் சாப்பிடுற விமானிகளுக்கு நிபந்தனைகளோட அனுமதி கொடுக்க ஆரம்பிச்சது. ஜெர்மன்விங்ஸுக்குப் பிறகு ஐரோப்பா, விமானிகள் சக விமானிகளிடமே மனம்விட்டுப் பேசுற ஆதரவுத் திட்டங்களை விமான நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்கியது. இரண்டுமே உண்மையோட விலையைக் குறைக்கிற வேலை.

நம்ம ஊர்ல என்ன செய்யலாம்? என் கருத்து இது. மருத்துவத் தகுதித் தாளைப் பார்க்காம எந்தப் பயிற்சிப் பள்ளியும் முன்பணம் வாங்கக் கூடாதுன்னு விதி வரணும். வாங்கியிருந்தா, மெடிக்கல்ல தகுதி கிடைக்காத பிள்ளைக்கு முழுப் பணத்தையும் திருப்பித் தரணும். வங்கிகளும் சிபிஎல் கடனுக்கு நிலப் பத்திரத்தைக் கேட்கிறதுக்கு முன்னாடி கிளாஸ் 1 தாளைக் கேட்கட்டும். இதுக்குப் பெரிய சட்டத் திருத்தம், கமிட்டி எல்லாம் தேவையில்லை.

என் சக மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை. நாம சுத்தமா? டிரைவிங் லைசென்ஸுக்கான மருத்துவச் சான்று, படிவம் 1ஏ, ஆளையே பார்க்காம எத்தனை பேர் கையெழுத்துப் போட்டிருக்கோம்? பயிற்சி மருத்துவராக இருந்த காலத்துல நானும் போட்டிருக்கேன். டிரைவிங் ஸ்கூல்காரர் கட்டாக் கொண்டுவந்து வைப்பார், பேசிக்கிட்டே போட்டுத் தள்ளுவோம். அதுல வலிப்பு இருந்தவர் எத்தனை பேர், கண் தெரியாதவர் எத்தனை பேர்னு இப்போ நினைச்சா வயித்தைக் கலக்குது. அந்தம்மா என்கிட்ட வந்து அப்படிக் கேட்டதுக்கே, டாக்டர்னா எழுதிக் கொடுத்துடுவாங்கங்கற பெயரை நாம சம்பாதிச்சு வச்சிருக்கிறதுதான் காரணம்.

தம்பி இப்போ மெக்கானிக்கல் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். ஒரு வருஷத்துக்கு மேல அந்தக் குடும்பம் என் கிளினிக் பக்கமே வரல. வேற டாக்டரைப் பார்த்தாங்க. நியாயமான கோபம்தான்னு விட்டுட்டேன்.

போன வாரம் போட்டோ போட்ட அன்னைக்கு ராத்திரி இன்பாக்ஸ்ல அவன் செய்தி. "வாழ்த்துகள் சார். பக்கத்து சீட்ல ஆளை ஏத்திக்கலாமா உங்க லைசென்ஸ்ல?"

ஏத்திக்கலாம், காசு மட்டும் வாங்கக் கூடாதுன்னு பதில் போட்டேன். 'முதல்ல உன் நரம்பியல் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வா, ராத்திரி முழிக்காம நல்லாத் தூங்கிட்டு வரணும்' என்றும் சேர்த்து எழுதினேன். நேத்து அவரோட சீட்டை போட்டோ எடுத்து அனுப்பியிருக்கான். பயணியா உட்கார்ந்து வரலாம்னு எழுதியிருக்கார். கீழே அவன் கைப்பட ஒரு வரி: 'பழைய ஹிஸ்டரி எல்லாமே சொல்லிட்டேன் சார்.'

இந்த மாசம் முழுக்க மேகம். வானம் தெளிஞ்சதும் அவனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லணும்.